நேபிடோ போறீங்களா? ரங்கூன்லேர்ந்து குடும்பத்தோட போய் சுத்திப் பாக்க முழு வழிகாட்டி

நேபிடோ நம்ம பர்மாவுக்கு தலைநகரமாகி இருபது வருஷமாச்சு, ஆனா ரங்கூன் தமிழ் ஆளுங்கள்ல பாதிப்பேரு ஒரு தடவகூட போனதில்ல, போனவங்களும் ஏதாவது ஆபீஸ் வேலையா போயிட்டு அன்னிக்கே பஸ் ஏறி வந்தவங்கதான். நான் நாலு தடவ போயிட்டேன், கடைசியா போனது பெரியம்மா, தங்கச்சி, தங்கச்சி பையன் எல்லாரையும் கூட்டிக்கிட்டு. முதல் தடவ நான் பண்ணின தப்பெல்லாம் நீங்க பண்ண வேணாம்னுதான் இத்தனை நீளமா எழுதறேன்.

முதல்ல ஒண்ணு மனசுல ஏத்திக்கங்க, இது நடந்து பாக்கற ஊர் இல்ல. ரங்கூன்ல காளி கோயில்ல கும்பிட்டுட்டு வெளிய வந்தா அனொயத்தா லான்ங்கற ரோடு முழுக்க கடை, நாலு தெரு தள்ளினா சூலே பயா, அதாவது புத்தர் கோயில், அந்தக் கணக்கு இங்க வேலைக்கு ஆகாது. நேபிடோ எல்லை மொத்தம் 7000 சதுர கிலோமீட்டருக்கு மேல, 2014 கணக்கெடுப்புல ஜனம் பதினொன்றரை லட்சத்து சொச்சம், அதுலயும் நெறய பேரு சுத்துவட்டார கிராமத்து ஆளுங்க. அதனால ஒரு இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவுல வெறும் ரோடும் புல்லும்தான். இங்க தூரத்தை அடியில அளக்காதீங்க, பெட்ரோல்ல அளந்துக்கங்க.

எப்ப போறது

நவம்பர் கடைசிலேர்ந்து பிப்ரவரி நடு வரைக்கும்தான் சரியான காலம். காலைல சொட்டர் போடற குளிர் இருக்கும், மத்தியானம் பரவாயில்ல. மார்ச்ல வெயில் ஏறிடும், ஏப்ரல் மே 40 டிகிரிக்கு மேலயும் போகும், இது கடல் காத்து இல்லாத உள்நாடு, அதுவும் அந்த அகல ரோட்டு ஓரத்துல நிழலுக்கு மரம் கிடையாது. தண்ணித் திருவிழாவுக்கு ஊரே காலி, டிரைவர் கிடைக்க மாட்டான். ஜூன்லேர்ந்து அக்டோபர் மழை, ஆனா ரங்கூன் மாதிரி கொட்டாது, கைல குடை இருந்தா சமாளிக்கலாம்.

2025 மார்ச் 28 பூகம்பத்துல ஊர் நல்லாவே அடி வாங்கிச்சு, ஏர்போர்ட் கண்ட்ரோல் டவரே விழுந்தது, நெறய அரசாங்க கட்டடம் இடிஞ்சது. அதனால எந்த இடத்துக்கும் கிளம்பறதுக்கு முந்தின நாள் ஹோட்டல்ல சொல்லி போன் போட்டு இன்னிக்கு திறந்திருக்கா, உள்ள விடறாங்களான்னு கேட்டுக்கங்க. இது சோம்பேறித்தனம் பண்ற விஷயமில்ல, பெட்ரோல் விக்கற விலைக்கு ஒரு மூடின கேட் பாக்க அரை மணி ஓட்டறது வயித்தெரிச்சல்.

போறது எப்படி

ரங்கூன்லேர்ந்து வடக்க 320 கிலோமீட்டர் சுமார். ஆங் மிங்கலா ஹைவே பஸ் ஸ்டாண்ட்ல ஏறினா எக்ஸ்பிரஸ் ரோட்டுல அஞ்சு ஆறு மணி நேரம். செக்போஸ்ட் நெறயா இருந்தா இன்னும் கூட. காலைல ஏழு எட்டு மணி பஸ்ஸ புடிங்க, ராத்திரி பஸ் வேணவே வேணாம், ரெண்டு காரணம். ஒண்ணு அந்த ரோடு. 2009ல திறந்த கான்கிரீட் ரோடு அது, நேரா போயிக்கிட்டே இருக்கும், டிரைவருக்கு தூக்கம் வரும், சூட்டுல டயர் வெடிக்கும், அதுக்கு ஜனங்க வச்சிருக்கற பேரே சாவு ரோடு. ரெண்டாவது, ராத்திரி பஸ் உங்கள காலைல மூணு மணிக்கு ஆளில்லாத இடத்துல இறக்கி விட்டுட்டு போயிடும்.

நடுவுல நூத்திப்பதினஞ்சு மைல்னு ஒரு இடம், எல்லா பஸ்ஸும் அங்கதான் நிக்கும். வரிசையா சாப்பாட்டுக் கடை. சைவம் சாப்பிடறவங்க தெத்தத்லுன்னு கேளுங்க, அதோட ஙப்பி, அதாவது மீன் விழுது, போட வேணாம்னும் சொல்லிடுங்க, ஏன்னா சில கடையில கறி மீன் போடலன்னாலே சைவம்னு நினைச்சுக்கறாங்க, கீரைல ஙப்பி கரைச்சு ஊத்தி கொண்டாந்து வச்சுட்டு சிரிக்கறாங்க. பெரியம்மா மூணு வாய் சாப்பிட்டதுக்கு அப்புறம்தான் எங்களுக்கே வாசம் தெரிஞ்சது, அன்னிக்கு வெள்ளிக்கிழமை வேற.

ரயில்லயும் போகலாம், ஒன்பது பத்து மணி நேரம், குலுக்கி எடுக்கும். பொறுமை இருந்து வயக்காடு பாக்கணும்னு ஆசை இருந்தா ஒரு தடவ போங்க, ஆனா நேபிடோ ஸ்டேஷன் ஹோட்டல் பக்கம் இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டு போங்க.

இப்ப என் முதல் தப்பு. பஸ்ல பையன் வந்து மியோமாவா தப்யேகோனான்னு கேட்டான். ரெண்டும் பக்கத்து பக்கத்து ஸ்டாப்புன்னு நினைச்சு எதா இருந்தா என்னன்னு சொன்னேன். இறங்கி ஹோட்டலுக்கு போன் பண்ணினா பக்கம்தான் வாங்கன்னாங்க, பக்கம்னா கார்ல அரை மணி. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு பெட்டிய வச்சுக்கிட்டு எட்டு வழி ரோட்டு ஓரத்துல நின்னேன், பத்து நிமிஷத்துக்கு ஒரு காரு போகுது. அதனால டிக்கெட் எடுக்கும்போதே ஹோட்டல் பேர சொல்லி எங்க இறங்கணும்னு எழுதி வாங்கிக்கங்க.

மப்பொன்டின், காசு, ரூம்

மப்பொன்டின், அதான் அடையாள அட்டை, ஒரிஜினல் கைல இருக்கணும், போட்டோ காப்பி போன்ல இருக்குன்னு சொன்னா செக்போஸ்ட்ல ஏத்துக்க மாட்டாங்க. வயசானவங்க கார்ட நீங்களே வாங்கி ஒரு கவர்ல வச்சுக்கங்க, பஸ் நிக்கறப்ப மேல பெட்டிய தேடிக்கிட்டு நிக்க வேணாம். தமிழ்நாட்டுலேர்ந்து சொந்தக்காரங்க வராங்கன்னா அவங்களுக்கு ஈ-விசா வேணும், டூரிஸ்ட் விசா 28 நாள், ஹோட்டலும் வெளிநாட்டுக்காரங்கள தங்க வைக்க லைசென்ஸ் இருக்கறதா பாக்கணும், அவங்க கொண்டாற டாலர் மடிப்பு கறை இல்லாம புதுசா இருக்கணும், கொஞ்சம் கிழிஞ்சிருந்தாகூட வாங்க மாட்டாங்க. நாட்டு நெலமை எப்ப எப்படி மாறும்னு சொல்ல முடியாது, அவங்க தூதரகம் என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு டிக்கெட் போட சொல்லுங்க.

ரூம் எல்லாம் ஹோட்டல் சோன்ல, யாஸ திங்கஹா ரோட்டுல வரிசையா இருக்கு. 2013 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி, 2014 ஆசியான் மாநாடுன்னு கட்டினது, கல்யாண மண்டபம் சைசுக்கு ஹால், அதுல நாலு பேரு உக்காந்து டிபன் சாப்பிடுவாங்க. கூட்டம் இல்லாததால தைரியமா பேரம் பேசுங்க. கேட்கவேண்டியது ஒண்ணே ஒண்ணு, கரண்ட் போனா ஜெனரேட்டர் ரூம் ஏசிக்கும் ஓடுமா இல்ல லைட்டுக்கு மட்டுமா. விலை நான் எழுதல, இன்னிக்கு எழுதற சாட் (நம்ம நாட்டுப் பணம்) கணக்கு அடுத்த மாசம் பழசாயிடும்.

ஊருக்குள்ள வண்டி

ஒரு நாள் முழுசுக்கும் கார் பேசிடறதுதான் வழி. தனேகோன் ங்கான்னு கேளுங்க, காலைல எட்டுலேர்ந்து ராத்திரி எட்டு வரைக்கும்னு நேரத்த சொல்லி, எந்தெந்த இடம்னு பேர சொல்லி, பெட்ரோல் உள்ளயா வெளியயான்னு தெளிவா பேசிக்கங்க. ஹோட்டல் வழியா புடிச்சா கொஞ்சம் கூட. நான் தப்யேகோன் ஸே (மார்க்கெட்) வாசல்ல நிக்கற டிரைவர்கிட்டதான் பேசுவேன். தனி ஆளா போனா சைக்கிள் கெரி இருக்கு, அதாவது மோட்டார் சைக்கிள் டாக்சி, ரங்கூன்ல மோட்டார் சைக்கிளுக்கே தடை இருக்கறதால நம்ம ஆளுங்களுக்கு அது ஒரு வேடிக்கை. ஆனா ஹெல்மெட் கேட்டு வாங்கி போடுங்க, காலி ரோடுங்கறதால அவங்க பறக்கறாங்க.

இடத்துக்கு இடம் தனித்தனியா டாக்சி புடிச்சுக்கலாம்னு நினைக்காதீங்க, போறதுக்கு வண்டி கிடைக்கும், திரும்பறதுக்கு கிடைக்காது.

இன்னொரு விஷயம், இது நம்ம தமிழ் ஆளுங்களுக்குன்னே இருக்கற வசதி. இந்த ஊரு புது டவுன்ஷிப் பேரெல்லாம் பாலி மொழி. தெக்கினதிரின்னா தட்சிண ஸ்ரீ, தெற்கு. ஒத்தரதிரின்னா உத்தர ஸ்ரீ, வடக்கு. பொப்பதிரின்னா பூர்வ ஸ்ரீ, கிழக்கு. பர்மாக்காரங்க வாயில ச வந்தா த ஆயிடும், சாசனம் தாதனா ஆகற மாதிரி, அதனால ஸ்ரீ திரி ஆச்சு, நாம திருன்னு சொல்றோம்ல அதுக்கு பக்கத்துலயே வந்து நிக்குது. ஸேயதிரி ஜெய ஸ்ரீ. ஸபுதிரி ஜம்பு, அதான் நாவல். யாஸன்னா ராஜா. இத மனசுல வச்சுக்கிட்டா மேப் இல்லாமலே டிரைவர் எந்தப் பக்கம் கூட்டிட்டு போறான்னு தெரிஞ்சிடும். எனக்கு ஒரு டிரைவர் தெக்கினதிரியில இருக்கற இடத்துக்கு ரொம்ப தூரம்னு சொல்லி கூட கேட்டான், நான் தங்கியிருந்ததே தெற்குலதான், பேச்ச மாத்திட்டான்.

ரவுண்டானா வச்சும் வழி சொல்வாங்க, நடுவுல தாமரை மொட்டு மாதிரி சிலை, பூச்செடி. ஒண்ணுக்கொண்ணு ஒரே மாதிரி இருக்கறதால வந்த ரவுண்டானாக்கே திரும்பி வந்துட்டோமோன்னு தோணும்.

முதல் நாள்: சாயங்காலம் பயா மட்டும்

மத்தியானம் போய் சேந்தா குளிச்சு படுத்து எழுந்திரிங்க. நாலு மணிக்கு மேல உப்பாதசந்தி பயா. இந்தப் பேரயும் பிரிச்சுப் பாருங்க, உற்பாத சாந்தி, கெட்டது வராம பண்ற பரிகாரம். 2006 நவம்பர்ல அஸ்திவாரம், 2009 மார்ச்ல முடிச்சாங்க. பாத்தா நம்ம சுவேதகோன் மாதிரியே இருக்கும், உயரம் 99 மீட்டர், சுவேதகோன விட ஒரு அடி குறைவா இருக்கணும்னு மரியாதைக்கு குறைச்சதா சொல்றாங்க. ஆனா பெரிய வித்தியாசம், சுவேதகோனுக்கு உள்ள போக முடியாது, இது உள்ள கூடு. நடுத்தூணை சுத்தி நாலு பக்கமும் பச்சைக்கல் புத்தர், சுவர் முழுக்க புத்தர் கதை செதுக்கியிருக்கு. உள்ள நுழைஞ்ச உடனே சில்லுனு ஒரு காத்து, கல்லு வாசம், பேசினா எதிரொலி. பெரியம்மா கோயில் கர்ப்பக்கிரகம் மாதிரி இருக்குடான்னாங்க.

நாலு மணிக்கு மேலன்னு ஏன் சொன்னேன்னா, செருப்பு சாக்ஸ் ரெண்டும் கீழயே கழட்டிடணும், மேல பளிங்குத் தரை. ஒரு தடவ ஒரு மணிக்கு போய் நாங்க எல்லாரும் கால் மாத்தி கால் மாத்தி குதிச்சோம், பெரியம்மா செருப்புப் பையயே தரையில போட்டு அது மேல நின்னுட்டாங்க, காவக்காரரு சிரிச்சுக்கிட்டே ஓரத்துல பாய் விரிச்ச பக்கம் கை காட்டினாரு. முழங்கால் மூடின துணி போடுங்க, லோஞ்சி கட்டிக்கிட்டா பிரச்சனையே இல்ல. இருட்டினதும் விளக்கு போடுவாங்க, அந்த அரை மணி நேரத்துக்காகவே இருந்து பாருங்க.

கீழ இறங்கினா வெள்ளை யானை கொட்டகை. வெள்ளைன்னா சுண்ணாம்பு வெள்ளை இல்ல, தங்கச்சி பையன் ஏமாந்து போய் இது அழுக்கா இருக்குன்னான். செங்கல் பொடி கலந்த மாதிரி ஒரு நிறம், தண்ணி ஊத்தினா இளஞ்சிவப்பா தெரியும், ரோமமும் நகமும் கண்ணும்தான் வெளுப்பு. ராஜா காலத்துலேர்ந்து இந்த யானை கிடைச்சா ஆட்சிக்கு நல்லதுன்னு ஒரு நம்பிக்கை. கால்ல சங்கிலியோட அது ஆடிக்கிட்டே நிக்கறத பாக்க எனக்கு மனசு ஒப்பல, அஞ்சு நிமிஷத்துல வந்துட்டேன், நீங்க எப்படியோ.

ரெண்டாம் நாள்: தெற்குலேர்ந்து நடு ஊருக்கு

காலைல ஏழு மணிக்கே மாரவிஜய புத்தர பாத்துடுங்க, தெக்கினதிரியில, ஹோட்டல் சோனுக்கு தூரமில்ல. 2023 ஆகஸ்ட் 1 திறந்தது. சிலை 63 அடி, பீடத்தோட 81 அடி, மாண்டலே பக்கத்து மலைக் கல்லு. மாரன ஜெயிச்சவர்னு அர்த்தம், வலது கை பூமியத் தொட்டுக்கிட்டு இருக்கும். வெள்ளைக் கல்லு, ஒன்பது மணிக்கு மேல கண்ண கூசும், போட்டோவும் வெளிறிடும், அதான் சீக்கிரம் போக சொல்றேன்.

அங்கேர்ந்து டீக்கடை. ச்சொசெய்ன்னு கேட்டா இனிப்பா பால் தூக்கலா வரும், பொச்சான்னா இனிப்பு கம்மி கடுப்பு ஜாஸ்தி. பெபியோ (அவிச்ச பட்டாணி) போட்ட நான்பியா (நான் ரொட்டி) சூடா இருந்தா அதுக்கு மேல என்ன வேணும்.

அப்புறம் அந்த இருபது வழி ரோடு. பாராளுமன்றத்துக்கு முன்னாடி போற ரோடு, ஒரு பக்கத்துக்கு பத்து லேன், நான் போனப்ப எங்க கார், ஒரு மோட்டார் சைக்கிள், துடைப்பத்தோட பெருக்கிக்கிட்டு இருந்த ஆறு ஏழு பொம்பளைங்க, கன்னத்துல தனகா (மரப்பட்டை அரைச்ச பூச்சு), தலையில மூங்கில் தொப்பி, அவ்வளவுதான். பாராளுமன்றம் 31 கட்டடம், பௌத்தத்துல சொல்ற 31 உலகம் கணக்கு. வெளிய அகழி மாதிரி தண்ணி, பாலம். ராணுவம் ஆட்சியப் புடிச்ச 2021 பிப்ரவரி 1 காலைல ஒரு டீச்சரம்மா எக்சர்சைஸ் ஆடிக்கிட்டு இருக்கறப்ப பின்னாடி வரிசையா கருப்பு வண்டி போச்சே, உலகம் பூரா பாத்த வீடியோ, அது பாராளுமன்றத்துக்குப் போற ரோட்டுலதான். நீங்க அங்க வண்டிய நிறுத்தாதீங்க, இறங்காதீங்க, போன வெளிய நீட்டாதீங்க. காவல் இருக்கு. டிரைவர் சரின்னு சொன்னா சரி, வேணாம்னு சொன்னா வாதாடாதீங்க, ஊர்ல இருக்கப்போறது அவரு.

போற வழில குடியிருப்பு பாருங்க, ஓடு கலர் கலரா இருக்கும். எந்த மந்திரி இலாகா ஆளுங்களோ அதுக்கு ஒரு கலர், சுகாதாரம்னா நீலம், விவசாயம்னா பச்சை. 2005 நவம்பர் 6 காலைல 6:37க்கு முதல் லாரிங்க ரங்கூன்ல கிளம்பினப்ப எங்க பக்கத்து வீட்டு கிளார்க் குடும்பமும் மூட்டைய கட்டிச்சு, சோசியர் குறிச்ச நேரம்னு அப்பவே எல்லாரும் பேசினாங்க. அந்த அக்கா இன்னும் பச்சை ஓட்டுக்கு கீழதான் இருக்காங்க, போனா மீன் கொழம்பு உண்டு.

உச்சி வெயில் நேரத்துல ரத்தின மியூசியம், ஏசி இருக்கும். மோகோ கெம்பு, பாக்கந்த் பச்சைக்கல், மெர்கி முத்துன்னு எல்லாம் கண்ணாடிக்குள்ள. போட்டோ எடுக்க விட மாட்டாங்க. கீழ கடையில கல்லு வாங்கறதுன்னா விவரம் தெரிஞ்ச ஆள் இல்லாம வாங்காதீங்க, வேடிக்கை மட்டும் பாருங்க. தேசிய மியூசியமும் இருக்கு, 2015ல திறந்தது, பெருசு, ரங்கூன் மியூசியம் பாத்தவங்களுக்கு அவசரமில்ல.

ராணுவ மியூசியம் பத்தி கேப்பீங்க. விமானம், டாங்க், கப்பற்படைன்னு தனித்தனி பகுதி, 600 ஏக்கர்னா யோசிச்சுக்கங்க, ஒரு பகுதிலேர்ந்து அடுத்த பகுதிக்கே வண்டில போகணும். பையனுங்களுக்கு விமானம் புடிக்கும், முட்டி வலி உள்ளவங்கள கூட்டிட்டு போகாதீங்க.

சாயங்காலம் ஃபவுண்டன் பார்க், நகர மண்டபம் பக்கம். உள்ளூர் குடும்பங்க எல்லாம் பாய் சாப்பாட்டோட வருவாங்க, ஊர்ல ஜனம் இருக்காங்கன்னு அப்பதான் தெரியும். தண்ணி எத்தனை மணிக்கு விடறாங்கன்னு கேட்டுட்டு போங்க, கரண்ட் பொறுத்தது.

மூணாம் நாள்: வடக்கும் பின்மனாவும்

ரூம காலி பண்ணி பெட்டிய கார்லயே வச்சுக்கங்க. முதல்ல ஜூ, 2008ல திறந்தது, ரங்கூன் ஜூலேர்ந்து நெறய மிருகம் இங்கதான் வந்துச்சு. வெளிய வறுத்தெடுக்கற வெயில்ல உள்ள பென்குயினுக்கு ஏசி வீடு, பையன் அந்தக் கண்ணாடிய விட்டு நகரவே மாட்டேன்னான், நாங்களும் குளிருக்காக நகரல. பக்கத்துலயே சஃபாரி, 2011ல வந்தது, அதுக்கு தனி டிக்கெட், ரெண்டும் ஒரே நாள்ல சின்னப் பிள்ளைங்கள வச்சுக்கிட்டு முடியாது, ஒண்ணு முடிவு பண்ணிக்கங்க. நான் ஜூவுக்குத்தான் ஓட்டு போடுவேன். நாட்டுல உள்ள பயா, தங்கப்பாறை எல்லாத்தையும் சின்னதா செஞ்சு வச்ச லேண்ட்மார்க் கார்டன்னு ஒண்ணும் இருக்கு, எங்கயும் போக முடியாத வயசானவங்களுக்கு நல்லது, மத்தவங்க விட்டுடலாம்.

மத்தியானம் பின்மனா வந்துடுங்க. இது வெள்ளைக்காரன் காலத்து பழைய டவுன், தலைநகரம் வர்றதுக்கு முன்னாடியே ரயில், கரும்பு, தேக்குன்னு இருந்த ஊரு. மூணு நாளா காலி ரோடு பாத்த கண்ணுக்கு இங்க நெருக்கமான தெரு, மாடி வீடு, தோம்பெய்ன் (மூணு சக்கர வண்டி) ஹாரன், சமுசா பொரிக்கற எண்ணெய் வாசம், ஒரு நிம்மதி. நேபிடோவுல நான் நடந்து சுத்தின ஒரே இடம் இதுதான். பெரியம்மா ஸேல புளியும் காஞ்ச மிளகாயும் வாங்கினாங்க, ரங்கூன்ல கிடைக்காததா என்னன்னு கேட்டா முறைப்பாங்க, கேக்காதீங்க.

திரும்பற பஸ் மூணு மணிக்குள்ள கிளம்பறதா பாத்து முந்தின நாளே சீட்டு போட்டு வச்சுடுங்க, இருட்டறதுக்குள்ள முக்கால்வாசி தூரம் தாண்டிடலாம். சாயங்கால வெயில் மேக்கேர்ந்து அடிக்கும், தெற்க போற பஸ்ல அது வலது பக்கம், அதனால இடது பக்க சீட்டா கேளுங்க. ஏறுற இடம் மியோமாவா தப்யேகோனான்னு இந்தத் தடவையாவது கேட்டு வச்சுக்கங்க.